சுசீந்திரத்துக்கு வந்த கண்ணாடிக் கதவு

பழையாற்றுப் படித்துறையிலும் குளத்திலும் கிணற்றடியிலும் குளித்து வளர்ந்த ஊர் சுசீந்திரம். இன்று அங்கே எழும் புது வீடுகளில் குளியலறைக்கு உள்ளேயே ஒரு தடுப்பு வருகிறது. தண்ணீர் விழும் இடத்தையும் உலர்ந்த இடத்தையும் பிரிக்கும் கண்ணாடித் தடுப்பு அது. அதில் ஒரு கண்ணாடிக் கதவு. ஏறக்குறைய 2 மீட்டர் உயரம், 75 சென்டிமீட்டர் அகலம், 8 மில்லிமீட்டர் கனம். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு இரண்டரை கிலோ எடை இருக்கும். அந்தக் கணக்கில் இந்தக் கதவு 30 கிலோ. 10 மில்லிமீட்டரில் எடுத்தால் 37 கிலோவைத் தாண்டும்.

இவ்வளவு எடையுள்ள கண்ணாடியை, சுவரில் முடுக்கிய இரண்டு கீல்களை நம்பி, வீட்டிலேயே மிக வழுக்கலான இடத்தில் தொங்கவிடுகிறோம். அதன் அருகில் நிற்பவர் காலில் செருப்பில்லை, உடம்பில் துணியில்லை, கையில் சோப்பு நுரை. வீட்டில் வேறெங்கும் மனித உடல் கண்ணாடிக்கு இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு காப்பின்றி நிற்பதில்லை. ஆகவே இந்தக் கதவு எங்கே பிறந்தது, யார் யார் கை வழியாக வந்தது, எந்தக் கையில் அதற்குள் பாதுகாப்பு ஏறியது என்பதைத் தெரிந்துகொள்வது வீட்டில் குளிக்கும் ஒவ்வொருவருக்கும் வேண்டிய அறிவு.

மணல்

கண்ணாடியில் நூற்றுக்கு 70 பங்குக்குமேல் சிலிக்கா, அதாவது மணல். அதோடு உப்பிலிருந்து எடுக்கும் சோடா ஆஷ், சுண்ணாம்புக்கல், டோலமைட். கண்ட மணலிலும் கண்ணாடி செய்ய முடியாது. மணலில் இரும்பு மிகுந்தால் கண்ணாடி பச்சை பாய்ந்துவிடும். ஆந்திரத்தின் நெல்லூர்ப் பக்கம் கூடூர் வட்டாரத்தில் தோண்டும் வெள்ளை மணல் கண்ணாடித் தொழிலுக்குப் பேர்போனது.

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை மணல் அப்படிப்பட்டதல்ல. மணவாளக்குறிச்சிக் கரையில் கிடப்பது கருமணல்: இல்மனைட், ரூட்டைல், ஜிர்கான், கார்னெட், மோனசைட். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னை நாரில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டு மோனசைட்டின் இருப்பிடத்தைக் கண்டுபிடித்தார். இன்று அங்கே மணலைப் பிரித்தெடுப்பது ஒன்றிய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம். அந்த மணலெடுப்பைப் பற்றிக் கரையோர மக்களுக்கு நீண்டகால அச்சமும் எதிர்ப்பும் உண்டு. அது தனியே எழுதவேண்டிய கதை.

கண்ணாடியாக உருகாத இந்த மணல்வகைகள் கண்ணாடியின் வாழ்க்கையில் மூன்று இடங்களில் தலைகாட்டுகின்றன. உருகிய கண்ணாடி தன்னைத் தாங்கும் செங்கல்லையே அரித்துத் தின்னும். அந்த அரிப்பைத் தாங்க, அலுமினாவையும் ஜிர்கானையும் உருக்கி வார்த்த கட்டிகளை உலையின் உள்சுவராக வைக்கிறார்கள். கீல் பொருத்தும் வெட்டுகளை வாட்டர்ஜெட் இயந்திரத்தில் அறுக்கும்போது நீரோடு சேர்ந்து பாய்ந்து அறுப்பது கார்னெட் தூள். கண்ணாடியின் ஓரத்தைக் கடைசியாகப் பளபளக்க வைப்பது சீரியம் ஆக்சைடு. சீரியத்தின் முக்கியத் தாதுக்களில் ஒன்று மோனசைட். குமரிக் கரையில் கிடைக்கும் அதே தாதுக்கள் உலைச்சுவராகவும் வாளாகவும் மெருகாகவும் கண்ணாடிக்கு உதவுகின்றன.

உருகி மிதந்த நாள்

உலையின் வெப்பம் 1,500 டிகிரி செல்சியஸுக்கு மேல். அதில் மணலும் சோடாவும் சுண்ணாம்பும் ஒன்றாகி, தேன்பதத்தில் வெளியே வரும் குழம்பை உருகிய வெள்ளீயத்தின் மேல் ஓடவிடுகிறார்கள். வெள்ளீயத்தின் மேற்பரப்பு கண்ணுக்குக் குற்றமில்லாத சமதளம். அதன்மேல் மிதக்கும் கண்ணாடியும் தானாகவே சமமாகிறது. ஏறத்தாழ 1,000 டிகிரியில் தொட்டிக்குள் நுழைவது, மறுமுனையில் 600 டிகிரியில் கெட்டிப்பட்ட தகடாக வெளியேறும். இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனத்தில் அலஸ்டர் பில்கிங்டன் 1950களில் பல ஆண்டு போராடி உருவாக்கி, 1959இல் உலகுக்கு அறிவித்த முறை இது. இன்று நம் ஜன்னல்களிலும் கடைமுகப்புகளிலும் இருப்பது பெரும்பாலும் இப்படி மிதந்து வந்த ஃப்ளோட் கண்ணாடிதான். தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலை 2000ஆம் ஆண்டு முதல் இதைச் செய்துவருகிறது. இத்தகைய உலை ஒருமுறை பற்றவைத்தால் பதினைந்து ஆண்டுக்குக்கூட இரவுபகல் அணையாது.

வெள்ளீயத் தொட்டியைக் கடந்த தகட்டை நிதானமாக ஆறவிடுவார்கள். அவசரப்பட்டால் உள்ளுக்குள் முறுக்கம் தங்கி, அறுக்கும்போதே வெடிக்கும். நிதானமாக ஆறிய தகடு அறுக்கத் தோதானது. ஆனால் குளியலறைக்கு ஆகாதது. கடைக்காரர்கள் 'ப்ளெய்ன்' என்று சொல்லும் இந்தக் கண்ணாடி உடைந்தால் நீண்ட, வாள்போன்ற கூர்த் துண்டுகளாகப் பிரியும். வழுக்கியவர் கையை ஊன்றித்தான் விழுவார். கை கண்ணாடிக்குள் புகுந்து வெளியே இழுபடும்போது மணிக்கட்டின் நரம்பும் ரத்தக்குழாயும் அறுபடும். ப்ளெய்ன் கண்ணாடியால் வரும் கொடுங்காயம் பெரும்பாலும் இந்த வகைதான்.

அளவு வடக்கே போகிறது

இந்த இடத்தில் கதவின் பயணம் ஒருமுறை திசை திரும்புகிறது. கண்ணாடி தெற்கே வருவதற்குமுன், சுசீந்திரத்து வீட்டின் அளவு, ப்ளெய்ன் கண்ணாடியைச் சூடாக்கிக் கடினப்படுத்தும் ஆலைக்குப் போகவேண்டும்.

கடினப்படுத்திய கண்ணாடியை, கடைகளில் சொல்வதுபோல் டஃபன்ட் கண்ணாடியை, அதன்பிறகு அறுக்க முடியாது, துளையிட முடியாது, ஓரத்தைத் தேய்க்கவும் முடியாது. கீலுக்கு வெட்டு, கைப்பிடிக்குத் துளை எல்லாம் உலைக்குப் போகும் முன்பே முடியவேண்டும். "அண்ணாச்சி, கால் இஞ்சு கூடிப்போச்சு, கொஞ்சம் தேய்ச்சுத் தந்துருங்க" என்று யாராவது கேட்டால், அதற்கு ஒரே நேர்மையான பதில், "வேற கண்ணாடிதான் போடணும்" என்பது.

அதனால் அளவெடுப்பவர் வரவேண்டியது டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு. தரை எந்தப் பக்கம் வாட்டமாக இறங்குகிறது, சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்கிறதா, மேலே ஓர் அளவும் கீழே ஓர் அளவும் வருகிறதா என்று பார்த்து எழுதவேண்டும். பூச்சு முடியாத சுவரில் எடுத்த அளவை நம்பி வந்த கதவு இடுக்கில் உரசும். உரசுகிற இடம் எப்போதும் ஓரமாகவே இருக்கும். இந்தக் கண்ணாடியின் உயிர்நிலை அதன் ஓரம் என்பது உலைக்குள் போய்ப் பார்த்தால் புரியும்.

உலையும் கோயில் கல்லும்

வெட்டி, துளைத்து, ஓரம் தேய்த்த தகட்டை மறுபடி 620 முதல் 650 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். சிவந்து இளகும் நிலை அது. உருகிவிடாது, இளக்கம் மட்டும் வரும். உடனே இருபுறமும் நூற்றுக்கணக்கான குழாய்களிலிருந்து காற்று சீறிப் பாயும். மேல்தோல் சில நொடிகளில் இறுகிவிடும், உள்பகுதி இன்னும் சூடாக இருக்கும். பிறகு உள்பகுதி ஆறிச் சுருங்க முயலும்போது, முன்பே இறுகிய தோல் விட்டுக்கொடுக்காது. அந்த இழுபறியில் தோல் நிரந்தரமாக அமுக்கத்திலும், உள்பகுதி நிரந்தரமாக இழுவையிலும் நின்றுவிடுகின்றன.

இது ஏன் வலிமை தருகிறது என்பதற்கு விளக்கம் சுசீந்திரத்திலேயே கல்லாக நிற்கிறது. தாணுமாலயன் கோயில் பிராகாரத்தில் தூண்கள் நெருக்கமாக நிற்பது அழகுக்காக மட்டுமல்ல. மேலிருந்து அமுக்கும் பாரத்தை எத்தனை நூற்றாண்டானாலும் கருங்கல் தாங்கும். அதே கல்லை உத்தரமாகக் கிடத்தி நீளமாகப் போட்டால், அடிப்பக்கம் இழுபட்டு விரிசல் விடும். கல் அமுக்கத்துக்கு வீரன், இழுவைக்குக் கோழை என்பதைச் சிற்பி அறிந்திருந்தார். ஆகவே தூணுக்குத் தூண் இடைவெளியைக் குறைத்தார். கண்ணாடியும் அதே குணம் கொண்டது. அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள் எப்போதும் உண்டு. இழுவை வந்தால் அவை வாய்பிளக்கும். உலையில் ஏறிய அமுக்கம் அந்தக் கீறல்களின் வாயை இறுக மூடிவைக்கிறது. வெளியிலிருந்து வரும் அடி முதலில் அந்த அமுக்கத்தை வென்றாகவேண்டும். அதனால்தான் இது சாதாரணக் கண்ணாடியைப்போல் நான்கு முதல் ஐந்து மடங்கு வலிமை பெறுகிறது. கீசர் வெந்நீரின் வெப்ப மாற்றத்தையும் பொருட்படுத்தாமல் நிற்கிறது.

அமுக்கம் நிற்கும் தோலின் கனம், ஒவ்வொரு புறமும் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 8 மில்லிமீட்டர் கதவில் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். கீறலோ சில்லோ அதைத் தாண்டி உள்ளே இறங்கினால், இழுவையில் கட்டுண்டு நிற்கும் உள்பகுதி மொத்தமாக விடுபடும். கதவு முழுவதும் ஒரே கணத்தில் சிறுசிறு கட்டிகளாகச் சிதறும். ஐரோப்பியச் சோதனையில் இந்தக் கனமுள்ள கண்ணாடியை உடைத்து, 50 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் குறைந்தது 40 துண்டுகள் இருக்கின்றனவா என்று எண்ணுகிறார்கள். துண்டு சிறியதாக இருந்தால் ஆழமாகக் குத்தாது. உள்ளங்காலைக் கிழிக்கும், தோலைச் சிராய்க்கும். ஆனால் நரம்பை அறுக்கும் வாளாக நிற்காது. உடையாமல் இருப்பது ஒரு பாதுகாப்பு. உடைந்தாலும் உயிரைப் பறிக்காத விதத்தில் உடைவது அதைவிடப் பெரிய பாதுகாப்பு.

மூன்றரை நூற்றாண்டு அறிவு

சூடான கண்ணாடியைச் சட்டென்று குளிர்வித்தால் அது விபரீத வலிமை பெறும் என்பது 1660களிலேயே ஐரோப்பாவில் அரசவை வேடிக்கையாக இருந்தது. உருகிய கண்ணாடிச் சொட்டைத் தண்ணீரில் விட்டால் வால் முளைத்த துளி கிடைக்கும். அதன் தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது; வாலைக் கிள்ளினால் முழுவதும் பொடியாகும். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸிடம் இதைக் கொண்டுவந்த இளவரசர் ரூபர்ட்டின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. இந்த வேடிக்கையைத் தொழிலாக்கியவர் பிரான்சின் பிரான்சுவா ராயர் டி லா பஸ்டி. 1874இல், சூடான கண்ணாடியை எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். எண்ணெயின் இடத்துக்குக் காற்று வந்தது பிறகு.

குளியலறைக் கதவுக்கு இதுவே வேண்டும் என்று சட்டம் பேச மேலும் ஒரு நூற்றாண்டு பிடித்தது. அமெரிக்காவில் 1977இல் நடைமுறைக்கு வந்த விதி, குளியலறைக் கதவுகளிலும் தடுப்புகளிலும் பாதுகாப்புக் கண்ணாடியைத் தவிர வேறு எதையும் தடைசெய்தது. சுமார் 45 கிலோ எடையுள்ள பையை 1.2 மீட்டர் உயரத்திலிருந்து ஊசலாட்டி மோதவிட்டு, கண்ணாடி தாங்குகிறதா, உடைந்தால் ஆபத்தின்றி உடைகிறதா என்று சோதிக்கச் சொன்னது. நம் நாட்டில் இதற்கான தரநிலை ஐ.எஸ். 2553. கட்டடங்களில் மனிதர் மோதும் ஆபத்துக்கென்றே ஐ.எஸ். 16231இல் ஒரு தனிப் பகுதி இருக்கிறது. 2020இல் ஒன்றிய அரசு பாதுகாப்புக் கண்ணாடிக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணையும் பிறப்பித்தது. ஆனால் ஓர் ஊரின் ஓர் அறையில் மாட்டும் கதவை யாரும் வந்து சோதிப்பதில்லை. ஆகவே வீட்டுக்காரர் மூலையைத் தடவிப் பார்க்கவேண்டும். டஃபன்ட் கண்ணாடியின் மூலையில் அழியாத முத்திரை பதிந்திருக்கும்: ஐ.எஸ்.ஐ. குறி, தரநிலை எண், செய்தவர் பெயர். நகத்தால் சுரண்டினால் உரியும் ஸ்டிக்கர் முத்திரையாகாது. பகல் வெளிச்சத்தில் போலராய்டு கூலிங்கிளாஸ் அணிந்து சாய்வாகப் பார்த்தால், காற்று பாய்ந்த தடங்கள் மங்கலான புள்ளிகளாகவோ பட்டைகளாகவோ தெரிவதும் ஓர் அடையாளம்.

தானாக வெடிக்கும் கதவு

யாரும் தொடாதபோதே நள்ளிரவில் கதவு வெடித்ததாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பேய்வேலை ஒன்றுமில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 1958இல் எழுந்த ஐ.சி.ஐ. ஹவுஸ் என்ற மாளிகையில் கண்ணாடிகள் தாமாக உடைந்து விழுந்தன. காரணம் தேடிய பாலன்டைன் என்ற ஆய்வாளர் 1961இல் குற்றவாளியைக் காட்டினார்: உருகும்போது கண்ணாடிக்குள் சிக்கிய நிக்கல் சல்பைடு துகள். மிகச் சிறிய துகள் அது. சூட்டில் ஒரு வடிவத்திலும் குளிரில் வேறு வடிவத்திலும் இருப்பது அதன் இயல்பு. காற்றால் சட்டென்று ஆறவைக்கும்போது வடிவம் மாற அவகாசம் கிடைக்காமல் சூட்டு வடிவத்திலேயே சிறைப்படுகிறது. பிறகு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மாறிப் பருக்கிறது. இழுவையில் நிற்கும் உள்பகுதியில் அது இருந்தால் ஒருநாள் கதவு போய்விடும்.

இதற்கு மருந்து உண்டு. ஹீட் சோக் என்னும் அடுப்பில், டஃபன்ட் கண்ணாடியை 260 முதல் 290 டிகிரி அளவில் சில மணி நேரம் வைத்தால், கெட்ட துகளுள்ள கண்ணாடி பெரும்பாலும் ஆலையிலேயே வெடித்துவிடும். மிஞ்சி வருவதன் மீது நம்பிக்கை பலமடங்கு கூடும். இதற்குக் கூடுதல் செலவாகும், கேட்டால்தான் செய்வார்கள். சிறுபிள்ளைகளும் முதியோரும் உள்ள வீட்டில் அந்தச் செலவைக் குறைக்கக்கூடாது. இரண்டு கண்ணாடிகளின் நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டிய லாமினேட்டட் வகையில், உடைந்த துண்டுகள் படலத்திலேயே ஒட்டி நிற்கும். அது எடையும் விலையும் கூடியது.

சாலையும் சுவரும்

லாரியில் கண்ணாடி படுத்து வராது. மரச்சட்டத்தில் சற்றே சாய்ந்து, ஓரத்தில் நின்று வரும். மதுரை, திருநெல்வேலி தாண்டி, காவல்கிணறு வழியாக, ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தல் காற்றாலைகளைக் கடந்து நாகர்கோவிலில் இறங்கும். அங்கிருந்து கடைசி 5 கிலோமீட்டர் சுசீந்திரம். நீண்ட சாலையைவிட ஆபத்தானவை கடைசிச் சில அடிகள்: வண்டியிலிருந்து இறக்கி வாசலில் வைக்கும் நேரம். கண்ணாடியின் மூலை டைல்ஸிலோ கருங்கல் படியிலோ நேராகத் தொட்டாலே ஓரத்தில் சில்லு விழும். அடியில் மரக்கட்டையோ ரப்பரோ விரித்துத்தான் நிறுத்தவேண்டும். பொருத்த வருபவர் அதைச் செய்கிறாரா என்று வீட்டுக்காரர் பார்த்து நிற்பதில் தவறில்லை.

கீலின் உலோகம் கண்ணாடியை நேரடியாகத் தொடக்கூடாது. இடையில் ரப்பர் வாஷர் கட்டாயம். திருகாணியை அளவுக்குமீறி இறுக்கினால் துளையைச் சுற்றி முறுக்கம் ஏறும். தளர விட்டால் கதவு தொங்கித் தரையில் உரசும். குமரிக் கடல் அதிகத் தொலைவில்லை; உப்புக்காற்று சுசீந்திரம் வரை வரும். 304 தர எவர்சில்வர் கீலைவிட, மாலிப்டினம் கலந்த 316 தரக் கீல் உப்பை நின்று தாங்கும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்ளே யாராவது மயங்கி விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவருடைய உடலே அடைத்துவிடும். கதவு போய்ச் சுவரிலோ குழாயிலோ மோதாதபடி ஸ்டாப்பர் வேண்டும். முதியோர் பிடித்து எழக் கைப்பிடியைத் தனியே சுவரில் பொருத்தவேண்டும். துண்டு போடக் கண்ணாடியில் மாட்டிய கம்பி ஆள் எடையைத் தாங்காது. தெளிந்த கண்ணாடி கண்ணுக்குத் தெரியாமல் போகும். பார்வை உயரத்தில் ஒரு பட்டை ஒட்டினால் குழந்தை மோதாது.

வீட்டில் மாட்டியபின் செய்யவேண்டியது கொஞ்சம்தான். மாதத்துக்கு ஒருமுறை கீலின் திருகாணி, ரப்பர், ஓரம் மூன்றையும் பாருங்கள். ஓரத்தில் சிறு சில்லு கண்டாலும் அந்தக் கதவின் காலம் முடிந்தது. பசை பூசிச் சமாளிக்கக்கூடாது. உடைந்துவிட்டால் உள்ளே இருப்பவர் அடி எடுத்து வைக்காமல் நிற்கவேண்டும். வெளியிலிருந்து செருப்பையோ கனத்த துண்டையோ போட்டுத் தந்தபின்பே நடக்கவேண்டும். கூடவே, வீட்டிலுள்ள பழைய குளியலறை ஜன்னலின் லூவர் கண்ணாடிகளையும் ஒருமுறை எண்ணுங்கள். அவை பெரும்பாலும் ப்ளெய்ன். புதுக் கதவுக்கு அஞ்சுகிறவர்கள், கைக்கெட்டும் உயரத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் அந்தக் கூர்ப் பட்டைகளைக் கவனிப்பதே இல்லை.

கூடூர் மணலில் தொடங்கிய பயணத்தில் இந்தக் கதவுக்குப் பாதுகாப்பு ஏறிய இடங்கள் நான்கு: சரியான அளவு, உலையின் காற்று, ஹீட் சோக் அடுப்பு, ஓரம் நோகாத கை. முதல் மூன்றும் கதவு வீட்டுக்கு வரும் முன்பே முடிந்துவிடுகின்றன. பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் சேர்க்க முடியாது. ஆகவே கடைக்காரரிடம் விலை பேசும்முன், 8 எம்.எம். டஃபன்ட், ஐ.எஸ். 2553 முத்திரை, ஹீட் சோக், 316 கீல் என்ற நான்கையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் கண்ணாடி வாங்காதீர்கள்.